நீங்கள் பிரேக் மிதிக்கும்போது உதவிக்கு வரும் பாஸ்கல்: 39 வயதில் இறந்த மேதையின் கதை

காரில் பிரேக் மிதிக்கிறீர்கள். காலில் கொடுப்பது சில கிலோ அழுத்தம்தான். ஆனால் ஒரு டன் எடையுள்ள வண்டி நின்றுவிடுகிறது. எப்படி?

பதில், கார் என்ற ஒன்று வருவதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன ஒருவரிடம் இருக்கிறது. அவர் பெயர் பிளெய்ஸ் பாஸ்கல்.

யார் இவர்?

1623 ஜூன் 19 அன்று பிரான்ஸின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். 3 வயதில் தாயை இழந்தார். பள்ளிக்கு அனுப்பாமல் தந்தை எத்தியெனே பாடம் சொல்லிக் கொடுத்தார். 16 வயதில் வடிவியலில் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வரி அதிகாரியான தந்தை இரவெல்லாம் கணக்குப் போட்டுக் கஷ்டப்படுவதைப் பார்த்து, 19 வயதில் கணக்கிடும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார்.

உடல்நிலை மட்டும் ஆயுள் முழுக்க ஒத்துழைக்கவில்லை.

மலையேறிய பாதரசம்

வெற்றிடம் என்ற ஒன்று இருக்கவே முடியாது என்று அறிஞர்கள் பலர் நம்பிய காலம் அது. குழாயில் பாதரசம் ஏறி நிற்பதற்குக் காரணம் வெளிக்காற்றின் எடைதான் என்றால், மலை உச்சியில் அதன் உயரம் குறைய வேண்டுமே என்று யோசித்தார் பாஸ்கல். அவர் இருந்தது பாரிஸில். அதனால் சொந்த ஊரில் இருந்த அக்கா கணவர் புளோரன் பெரியேவிடம் வேலையை ஒப்படைத்தார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே பியுய் த டோம் மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 செ.மீ. இறங்கியிருந்தது. காற்றுக்கு எடை உண்டு என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது.

உங்கள் காரின் பிரேக் பூஸ்டர் இதை வைத்துத்தான் இயங்குகிறது. பூஸ்டருக்குள் ஒரு ரப்பர் திரை இருக்கும். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது திரையின் இருபுறமும் அழுத்தம் குறையும். பெடலை மிதித்ததும் ஒரு வால்வு திறந்து, பின்பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழையும். திரையின் பரப்பு 500 சதுர செ.மீ., அழுத்த வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று தள்ளும் விசை 350 கிலோ!

லடாக்கின் லே நகரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே வெற்றிட பூஸ்டரின் அதிகபட்ச உதவியும் குறையும். பெரியே மலையில் பார்த்த அதே பாடம்தான்.

ஒருவர் 100 பேருக்குச் சமம்

அடுத்து திரவங்கள். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று விளக்கினார். ஒரு வாயைவிட இன்னொரு வாய் 100 மடங்கு பெரிதாக இருந்தால், சின்ன வாயில் தள்ளும் ஒருவர் பெரிய வாயில் தள்ளும் 100 பேரைச் சமாளிக்கலாம்.

மாஸ்டர் சிலிண்டர் செய்வது இதையேதான். அதன் பிஸ்டன் 4 சதுர செ.மீ., சக்கரத்தில் உள்ள பிஸ்டன் 20 சதுர செ.மீ. என்றால் விசை 5 மடங்காகும். 1921-ல் அமெரிக்காவின் டூசன்பெர்க் மாடல் ஏ கார் நான்கு சக்கரங்களுக்கும் இத்தகைய பிரேக்கோடு வந்தது.

எப்போது கைவிடும்?

பாஸ்கலின் விதிக்கு இரண்டு நிபந்தனைகள்: பாத்திரம் மூடியிருக்க வேண்டும், உள்ளே திரவம் மட்டும் இருக்க வேண்டும்.

● பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே போகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்காவது கசிவு இருக்கலாம்.

● பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில், மலைப்பாதைச் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கிவிடும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது.

● பெடல் கல் மாதிரி இறுகிவிட்டதா? பூஸ்டரில் அல்லது அதன் வாக்வம் குழாயில் கோளாறு இருக்கலாம்.

பூஸ்டரை நீங்களே சோதிக்கலாம். வண்டி நிற்கும்போது இன்ஜினை அணைத்து, பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள். இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே போனால் பூஸ்டர் வேலை செய்கிறது. போகாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்க.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் இன்ஜினை மட்டும் அணைக்கவே அணைக்காதீங்க. சில மிதிகளிலேயே பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும்.

கடைசி ஆண்டு

1654-க்குப் பிறகு பாஸ்கலின் கவனம் பெரும்பாலும் இறைச் சிந்தனைக்குத் திரும்பியது. ஆனாலும் 1662 மார்ச்சில், குறிப்பிட்ட வழித்தடத்தில் குறிப்பிட்ட கட்டணத்தில் ஓடும் குதிரை வண்டிச் சேவை பாரிஸில் தொடங்கியபோது, அதன் பின்னணியில் அவர் இருந்தார். இன்றைய டவுன் பஸ்ஸின் முன்னோடி அது. ஐந்து மாதங்களில், ஆகஸ்ட் 19 அன்று இறந்தார். வயது 39.

திரவ அழுத்தம் பற்றிய அவரது நூலை அவர் அச்சில் பார்க்கவே இல்லை. அது வெளியானது 1663-ல். இன்று உலகமே அழுத்தத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயர்தான். பங்க்கில் டயருக்கு 32 பாயிண்ட் காற்று பிடிக்கிறீர்களே, அது சுமார் 2.2 லட்சம் பாஸ்கல்.