பையில் நல்ல கயிறு இருந்தும் 4 பேர் பலியானது எப்படி? யார் இந்த எட்வர்ட் விம்பர்?

ஒரு நாள் ட்ரெக்கிங் கிளம்பும்போது டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி எல்லாத்தையும் பையில் எடுத்து வச்சிடுறோம். ஆனா, தேவைப்படும் நேரத்தில் அது கைக்கு வருதா? 1865-ல் ஆல்ப்ஸ் மலையில் நடந்த ஒரு விபத்து, இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம்னு காட்டுது.

யார் இவர்?

1840-ல் லண்டனில் பிறந்தவர் எட்வர்ட் விம்பர். மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சிடும் தொழில் செய்தவர். 20 வயதில் ஆல்ப்ஸ் காட்சிகளை வரைந்து தரச் சொல்லி ஒரு பதிப்பாளர் அனுப்பினார். வரையப் போனவருக்கு மலை ஏறும் ஆசை தொத்திக்கிச்சு.

அவர் குறிவைத்தது, சுவிட்சர்லாந்து - இத்தாலி எல்லையில் 4,478 மீட்டர் உயரத்தில் நிற்கும் மேட்டர்ஹார்ன். அதுவரை யாருமே ஏறாத சிகரம். பல முறை முயன்று தோற்றார். 1862-ல் தனியாக இறங்கும்போது சறுக்கி, சுமார் 60 மீட்டர் உருண்டு, தலையில் காயத்தோடு உயிர் தப்பினார்.

இத்தனைக்கும் அவர் அலட்சியமான ஆள் இல்லை. மலையேறுபவர்களுக்காக அவர் வடிவமைத்த கூடாரம், பல பத்தாண்டுகள் பயன்பாட்டில் இருந்தது.

அன்று என்னதான் நடந்தது?

1865 ஜூலை 14. விம்பரோடு சேர்த்து 7 பேர் சிகரத்தைத் தொட்டார்கள். சுமார் ஒரு மணி நேரம் கொண்டாட்டம். பிறகு எல்லோரும் கயிற்றால் பிணைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள்.

குழுவில் இருந்த 19 வயது ஹேடோவுக்கு மலை அனுபவம் குறைவு. அவர் கால் தவறி, முன்னால் இருந்த வழிகாட்டி குரோஸ் மீது விழுந்தார். அந்த இழுப்பில் ஹட்சன், பிரான்சிஸ் டக்ளஸ் ஆகியோரும் சரிந்தார்கள். மேலே இருந்தவர்கள் பாறையைப் பிடித்து நின்றார்கள். ஆனால், டக்ளஸுக்கும் வழிகாட்டி டாக்வால்டருக்கும் நடுவில் கயிறு அறுந்தது. 4 பேரும் சுமார் 1,200 மீட்டர் கீழே விழுந்து இறந்தார்கள்.

அறுந்தது எந்தக் கயிறு?

அவர்கள் கொண்டுபோன 3 வகைக் கயிறுகளில் மிகவும் பலவீனமானது அதுதான். உபரியாக எடுத்துப்போன பழைய கயிறு. உறுதியான கயிறு கையில் இருந்தும் அந்த இடத்தில் கட்டப்படவில்லை. கடினமான இடத்தில் பாறையில் கூடுதலாகக் கயிறு கட்டலாம் என விம்பர் யோசனை சொல்லியிருந்தார். அதுவும் நடக்கலை.

டாக்வால்டர் மேல் சந்தேகம் கிளம்பியது. விசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டார். 3 உடல்கள் கிடைத்தன. டக்ளஸின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அதன்பிறகு விம்பர்?

1880-ல் ஈக்வடாரின் சிம்போராசோ சிகரத்தில் முதல் ஆளாக ஏறியது அவர் குழுதான். 1911-ல், 71 வயதில், ஆல்ப்ஸ் அடிவாரத்தில் உள்ள ஷமோனியில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

* டார்ச், விசில், முதலுதவிப் பொருட்களை பையின் அடியில் புதைக்காதீங்க. மேல் பாக்கெட்டில் வைங்க.
* பழைய கயிறு, தேய்ந்த ஷூ போன்றவற்றை 'சும்மா இருக்கட்டும்'னு எடுத்துப்போகாதீங்க. அவசரத்தில் கைக்கு வருவது அதுவாகத்தான் இருக்கும்.
* உச்சியில் செல்ஃபி எடுத்ததும் கிளம்பிடாதீங்க. இறங்கும் முன் எல்லோருடைய பொருட்களையும் இன்னொரு முறை சரிபாருங்க. குழுவில் அனுபவம் குறைந்தவரை முதலில் கவனிங்க.

அறுந்த அந்தக் கயிறு, சுவிட்சர்லாந்தின் செர்மாட் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கு.