லூசி வில்ஸ் அம்மையார்

மயிலாப்பூரினின்று கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வார், சேப்பாக்கத்தை அடுத்துத் திருவல்லிக்கேணியிலே மகளிர்க்குரிய பெரியதொரு மருத்துவமனையைக் காண்பர். கஸ்தூரிபா காந்தி அம்மையாரின் பெயரை இன்று அது தாங்கி நிற்பினும், முதியோர் வாயில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்குகின்றது. ஆடவர் மருத்துவரை அணுக நாணி வீட்டினுள்ளேயே மடிந்த மாதர்பொருட்டு 1885-ம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது அது. 1931-ம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே கருவுற்ற ஏழை மாதரின் சோகை நோயை ஓர் ஆங்கில மாது ஆராய்ந்து வந்தார். அவரே லூசி வில்ஸ் அம்மையார்.

இவர் 1888-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரை அடுத்த சட்டன் கோல்டுபீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் நியூனம் கல்லூரியிலே தாவர நூலும் நில நூலும் பயின்று 1911-ம் ஆண்டிலே தேறினார். ஆயினும், பெண்டிர்க்குப் பட்டம் வழங்கும் வழக்கம் அந்நாளில் அப்பல்கலைக் கழகத்தில் இல்லை. 1914-ம் ஆண்டிலே தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது உலகப் போர் மூண்டது. கேப் டவுனிலே தாதியாகப் பணிபுரிந்த பின், லண்டன் திரும்பி மாதர் மருத்துவப் பள்ளியிற் சேர்ந்து 1920-ம் ஆண்டில் மருத்துவரானார். வைத்தியத் தொழிலால் பொருளீட்ட விழையாது ஆராய்ச்சியையே தம் வாழ்வாகக் கொண்டார்.

பன்னிரண்டாண்டு உதிரம் பெருகி, கையிலுள்ளதையெல்லாம் வைத்தியருக்கு ஈந்தும் குணமடையாத ஒரு ஸ்திரீயைப்பற்றிச் சுவிசேஷங்களிற் படித்திருக்கின்றோம். அத்தகையார் எண்ணற்றோர் நம் நாட்டில் இருந்தனர். இரத்தம் குன்றிய நிலையிலே பிரசவ வேதனையை அடைந்து, சிறிது உதிரம் போனாலும் தாங்கவியலாது உயிர் துறந்தனர். இதன் காரணத்தை ஆராயுமாறு அழைக்கப்பெற்று, 1928-ம் ஆண்டிலே அம்மையார் பம்பாய் நகரின் ஹாப்கின் ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். 1929-ம் ஆண்டிலே குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், பின்னர் நம் சென்னையிலும் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

அந்நோயாளரின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையிற் குறைந்து, உருவிற் பெருத்திருந்தன. கிருமியைத் தேடினார், காணவில்லை. அவர்கள் உண்ணும் உணவை நோக்கினார். அங்கே குறை கண்டார். எலிகளுக்கு அவ்வுணவையே அளித்துப் பார்த்தபோது அவற்றிற்கும் சோகை கண்டது. எனினும், பேன்வழிப் பரவும் கிருமியொன்றும் அதற்கு ஒரு காரணமென்று தெரிந்ததும், அம்முடிவில் அமைதி கொள்ளாது குரங்குகளை வைத்து மீண்டும் ஆராய்ந்தார். சோகையால் நலிந்த குரங்கொன்று மார்மைட் என்னும் மலிவான ஈஸ்டுச் சாரத்தால் வியக்கத்தக்கவாறு தேறியது. அதனையே நோயுற்ற மாதர்க்கும் அளித்தார், அவர்களும் தேறினர். 1931-ம் ஆண்டிலே இச்செய்தியைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஈரற் சாரம் அந்நாளிலே விலையுயர்ந்த மருந்து. ஏழைக்கு எட்டக்கூடிய ஒன்றை அம்மையார் கண்டளித்தார்.

அச்சாரத்தில் இருந்த பொருள் யாதென்பது பின்னரே புலனாயிற்று. 1941-ம் ஆண்டிலே கீரையினின்று பிரித்தெடுக்கப்பெற்றமையால், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லையொட்டி அது போலிக் அமிலம் எனப் பெயர்பெற்றது. 1945-ம் ஆண்டிலே அமெரிக்காவில் அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். அம்மையார் பணியாற்றிய அப்பகுதியிலேயே இவரும் பயின்றது நினைந்து மகிழத்தக்கது.

நிற்க. சோகை என்றவுடன் பிறர் இரத்தத்தை ஏற்றுவதே வழியென்று எண்ணுவார் இன்றும் பலர். உதிரம் பெருகி ஓடுங்கால், அல்லது மூச்சுத் திணறி இருதயம் தளருங்கால், அல்லது உடனே ரண சிகிச்சை செய்யாவிடில் உயிர் நில்லாது என்னும் நிலையில், ஏற்றத் தயங்குதல் பெரும் பிழையாகும். அவகாசம் உள்ளபோதோ, முதலிற் காரணத்தைத் தேடுதலே முறை. இரும்புச் சத்துக் குறைந்தால் சிவப்பணு சிறுக்கும்; போலிக் அமிலமோ பி12 என்னும் சத்தோ குறைந்தால் பெருக்கும். இவ்விரண்டில் எது குறைந்ததென்று அறிதலும் வேண்டும். பி12 குறைந்தார்க்குப் போலிக் அமிலத்தை மட்டும் அளிப்பின் இரத்தம் தேறினும் நரம்பு கெடும். ஏற்றிய அணுக்கள் நாளடைவில் மாய்வன. காரணம் நீங்காவிடின் சோகை மீளும். நெடுநாட் சோகையால் இருதயம் நலிந்தார்க்கு விரைந்து ஏற்றும் இரத்தமே சுமையாகி இடர் விளைத்தலும் உண்டு. ஆதலின், நாள் குறித்துச் செய்யும் ரண சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே இரத்தத்தைச் சோதித்துக் குறையை நிரப்புதல் அறிவுடைமை. ஹீமோகுளோபின் 7 கிராமிற்குக் கீழ் இறங்கினால் இரத்தம் ஏற்றுதலைக் கருதுவது இந்நாளைய பொது வழக்கம். இருதய நோயுள்ளார்க்கு அவ்வெல்லை சற்று உயரும். எனினும், அவ்வெண்ணை மட்டும் நோக்காது நோயாளியின் முழு நிலையையும் நோக்குபவரே நல்ல மருத்துவர். நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்து செய்க என வள்ளுவனார் பண்டே வகுத்த நெறியும் இதுவே.

அம்மையார் மணம் புரிந்திலர். 1937-ம் ஆண்டின் இறுதியில் ஒருமுறை மீண்டும் இந்தியா வந்தார். பின்னர் லண்டன் இராயல் பிரீ மருத்துவமனையிற் பணிபுரிந்து 1947-ம் ஆண்டிலே ஓய்வு பெற்றார். ஓய்விற்குப் பின்னும் பிஜித் தீவு முதலிய இடங்கட்குச் சென்று ஏழைகளின் உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். 1964-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ந் தேதி இவ்வுலக வாழ்வை நீத்தார்.

கல்லூரி நீங்கிப் பல துறைகளிற் புகவிருக்கும் மாணவர்காள்! ஏழையின் நோய்க்கு முதற் காரணம் அவள் உண்ணும் தட்டிலே இருத்தல் கூடுமென்று கண்ட அவ்வம்மையாரின் கண்ணை நாமும் பெறுவோமாக. கருவுற்ற நம் சகோதரிகள் காலத்தே இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுமாறு நாம் துணைநிற்போமாயின், அதுவே அவருக்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.