முகப்பு விளக்கும் ஜி.டி. நாயுடுவும்

உங்க வீட்டு காரோட ஹெட்லைட்டை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்க. பல வருஷமா வெயிலில் நிற்கும் வண்டி என்றால் அது மஞ்சளாகி, புகை படிந்த மாதிரி மங்கியிருக்கும். அந்த வண்டியில செஞ்சிப் பக்கம் அவலூர்பேட்டையிலிருந்து ராத்திரி நேரம் திருவண்ணாமலைக்குக் கிளம்புறீங்கன்னு வைங்க. தெருவிளக்கு இல்லாத இடத்தில், முன்னால் போகிற சைக்கிள்காரர் ரொம்பக் கிட்ட வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிவார். கடையில் கேட்டால் செட்டோடு மாற்றச் சொல்வார்கள். பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு கோயம்புத்தூர்க்காரரைப் பற்றித் தெரிஞ்சுக்கோங்க.

ஜி.டி. நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு சின்ன வயசிலேயே நின்றுபோனது. இளைஞனாக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதன்பின் வேறு நினைப்பே இல்லை. கோவையில் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த அதிகாரியிடமே போய் அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். திரும்பப் பூட்டினார். அவருடைய முதல் பாடப்புத்தகம் அதுதான்.

1920-ல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. 1937-ல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். எலெக்ட்ரிக் ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று பட்டியல் நீளும். பிரச்சினை எதுவானாலும் முதலில் திறந்து பார், பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடி என்பதே அவர் வழி.

நம்மைப் போன்ற பொறியியல் மாணவர்களுக்கு முக்கியமான கட்டம் 1945. ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழிற்கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் ஆனார் நாயுடு. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். பட்டறையிலேயே பழகினால் நாலு வருஷம் வேண்டாம், ரெண்டு வருஷமே போதும் என்று அவர் வாதாடினார். அரசு ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

அவர் காலத்து கார்களில் ஹெட்லைட் கண்ணாடியால் ஆனது; மஞ்சளாகாது. நம்ம கார்களில் இருப்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் உள்ள பாதுகாப்புப் பூச்சை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அரித்துவிடுகின்றன. அப்புறம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பும் கெடுகிறது. ஒளி நேராகப் போகாமல் சிதறுகிறது. நாயுடு மாதிரி பழுதைத் தேடினால் விஷயம் புரியும்: கெட்டது மெல்லிய மேல்தோல் மட்டும்.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்க. பெயின்ட்டில் கீறல் விழாமலிருக்க, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. வாட்டர் பேப்பரை நனைத்து 1000, 2000, 3000 என்ற வரிசையில் தேய்க்கணும். முதல் தேய்ப்பில் விளக்கு இன்னும் மோசமாக வெளுத்துப் போகும், பயந்து நிறுத்திடாதீங்க. அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, கண்ணாடி போல ஆகும்வரை பாலிஷ் பண்ணுங்க. கடைசியாக, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்கணும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். விட்டால் சில மாதங்களிலேயே பழைய மஞ்சள் திரும்பிவிடும். டூத்பேஸ்ட் வைத்தியமும் அப்படித்தான், கொஞ்ச நாள் பளபளப்பு. விளக்கின் உள்பக்கம் தண்ணீர் கோத்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ தேய்த்துப் பயனில்லை, மாற்றித்தான் ஆகணும்.

நாலு வருஷமா, ரெண்டு வருஷமா என்பதில் நீங்க எந்தப் பக்கமும் நிற்கலாம். ஆனால் இந்த நாலு வருஷத்தில் உங்க கையால் கழற்றி, புரிந்து, சரிசெய்த பொருள் எத்தனை? ஒன்றுமே இல்லையென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஹெட்லைட்டிலிருந்து தொடங்குங்க.