கண்ணாடியை இழுத்துப் பார்த்த பொறியாளர் – உங்கள் பூப்பந்து மட்டைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

உங்கள் பூப்பந்து மட்டையைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்க. வளையும், ஆனா லேசில் உடையாது.

அது கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். இழை பாரத்தைத் தாங்கும். பிசின் இழைகளைப் பிணைத்து வைக்கும்.

இவ்வளவு மெல்லிய இழைக்கு எங்கிருந்து வந்தது அந்த வலிமை? அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஏ.ஏ. கிரிஃபித்.

யார் அவர்?

1893இல் லண்டனில் பிறந்தவர். 1915இல் ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். சோப்புப் படலத்தைக் கொண்டு விமானப் பாகங்களில் ஏற்படும் அழுத்தத்தைக் கணக்கிட்டார். அதனால் 'சோப்புக்குமிழி கிரிஃபித்' என்ற பட்டப்பெயரும் வந்தது.

அப்படி என்ன சோதனை செய்தார்?

கண்ணாடியைச் சூடாக்கி இழையாக நீட்டினார். அறுபடும்வரை இழுத்தார். அப்போது தாங்கிய பாரத்தை இழையின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தார். அதுதான் இழுவலிமை. இன்றும் ஆய்வுக்கூடங்களில் கூட்டுப்பொருளை இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

முடிவு? 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியைவிட, அதில் சுமார் 300இல் ஒரு பங்கு தடிமனுள்ள இழை, அதே பரப்புக்கு ஏறக்குறைய 20 மடங்கு வலிமையாக இருந்தது!

காரணம் என்ன?

கீறல்தான். கண்ணுக்கே தெரியாத கீறலின் நுனியில் அழுத்தம் குவியும். ஒரு கட்டத்தில் கீறல் தானே ஓடிப் பொருளைப் பிளந்துவிடும். மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை. இதை 1920இல் கணக்கோடு விளக்கினார்.

பிறகு ஏன் நின்றுபோனது?

கண்ணாடியை உருக்கும் எரிவாயுச் சுடரை ஒருநாள் அணைக்காமல் விட்டதால் ஆய்வுக்கூடத்தில் தீப்பிடித்ததாம். அந்த ஆய்வை நிறுத்தும்படி உத்தரவு வந்ததாகச் சொல்வார்கள். கிரிஃபித் விமான இயந்திரங்களின் பக்கம் போனார். 1939இல் ரோல்ஸ்-ராய்ஸில் சேர்ந்தார்.

அவருடைய கீறல் கணக்கைப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது எஃகுக் கப்பல்கள் திடீர் திடீரெனப் பிளந்தன. அதன் பிறகுதான் ஆய்வாளர்கள் அவருடைய கட்டுரையைத் தேடிப் படித்தார்கள்.

கிரிஃபித் 1963இல் காலமானார். அதே 1960களில், அவர் கண்ணாடியை இழுத்துப் பார்த்த அதே ஃபார்ன்பரோவில், வலிமைமிக்க கார்பன் இழை உருவானது.

அடுத்த முறை மட்டையைத் தரையில் தட்டுறதுக்கு முன்னாடி ஒருமுறை யோசிங்க. சின்னக் கீறல்தானேனு விட்டுடாதீங்க!