மூங்கிலைப் பாட வைத்த மாலி

துளையிட்ட மூங்கில் துண்டு ஒன்று மனிதரைப் போலப் பாடுமா? பாடும் என்று காட்டிவிட்டுச் சென்றார் ஒருவர். இசையுலகம் அன்போடு ‘மாலி’ என்றழைத்த திருவிடைமருதூர் டி. ஆர். மகாலிங்கமே அவர். திரைப்படத்தில் பாடி நடித்த டி. ஆர். மகாலிங்கம் வேறு, ஆனந்த விகடனில் சித்திரம் தீட்டிய மாலியும் வேறு. பெயர் ஒற்றுமையால் பலரும் மயங்குவதுண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழல் நமக்குப் புதிய கருவியன்று. சிலப்பதிகாரத்தில் குழலாசிரியனுக்குத் தனி இடம் உண்டு. அதற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், இளமையும் முதுமையும் இல்லாத மூங்கிலை வெட்டி, நிழலில் உலர்த்தி, ஓராண்டு கழித்தே குழல் செய்ய வேண்டும் என்கிறார். கருவி செய்வதற்கே ஓராண்டு பொறுமை வேண்டுமென்றால், அதை வாசிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

முன்னோடிகள்

இத்தனை பழமை இருந்தும் கர்நாடக இசை மேடையில் குழல் தனிக் கச்சேரிக்கு உரிய கருவியாக உயர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதை உயர்த்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904). கண்பார்வை இல்லாத அப்பெருமகனார் முப்பத்திரண்டு வயதுக்குள் இதைச் சாதித்தார். அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவராவ் (1882–1962) அந்த மரபை நாடெங்கும் பரப்பினார். சுரங்கள் ஒவ்வொன்றும் முத்து முத்தாக உதிரும் வாசிப்பு அது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வாய்ப்பாட்டுக்காரர் இழைந்து செல்வது போலக் குழலால் செல்ல முடியாது என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

பிறப்பும் இளமையும்

மாலி 1926-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் தஞ்சைத் தரணியின் திருவிடைமருதூரில் பிறந்தார். மாமன் ஜால்ரா கோபால ஐயர் இசை ஆசிரியர். மெலிந்த உடல் கொண்ட சிறுவனுக்குக் குழல் ஆகாது என்று கருதி, வாய்ப்பாட்டு கற்கச் சொன்னார்கள். சிறுவனின் மனமோ குழலிலேயே இருந்தது. பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்துக் குழலை எடுத்து ஊதத் தொடங்கினான். பாடக் கற்றதை விரல்களுக்கு அவனே சொல்லிக் கொடுத்தான். ஒரு நாள் பைரவி ராகத்து விரிபோணி வர்ணத்தை அவன் தானாகவே வாசிப்பதைக் கேட்ட மாமன் வியந்துபோய்த் தடையை நீக்கினார்.

1933-இல், ஏழாவது வயதில், மயிலாப்பூர் தியாகராஜர் விழாவில் முதல் கச்சேரி. முசிரி சுப்பிரமணிய ஐயரும் பரூர் சுந்தரம் ஐயரும் அந்தப் பாலகனுக்குப் பொன்னாடை போர்த்தி வாழ்த்தினார்கள்.

அவர் செய்த புதுமை

இயற்பியல் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த பகுதி இதுதான். குழலுக்குள் அதிர்வது காற்றுத் தம்பம். துளைகளைத் திறக்கத் திறக்கத் தம்பம் குறுகும், அதிர்வெண் உயரும். துளையை முழுதாக மூடினால் ஒரு சுரம், முழுதாகத் திறந்தால் வேறொரு சுரம். இந்த இரண்டுக்கும் இடையேதான் கமகம் வாழ்கிறது. மாலி, கிளி கிளையைப் பற்றுவது போலக் குழலைப் பற்றி, நுனி விரலால் அன்றி விரலின் சதைப்பகுதியால் துளைகளை மூடினார். சிறிது சிறிதாக விரலை உருட்டித் துளையைத் திறக்க அது வழி செய்தது. மாற்று விரலடைவுகளைக் கண்டறிந்தார். உதட்டின் கோணத்தையும் மூச்சின் விசையையும் மாற்றிச் சுரத்தை ஏற்றி இறக்கினார். குழலில் வாய்ப்பாட்டே கேட்டது!

ஜப்பான் நாட்டில் ஷகுஹாச்சி என்றொரு மூங்கில் குழல் உண்டு. நெட்டுக்குத்தாகப் பிடித்து நுனியில் ஊதுவது. துளைகள் ஐந்தே. தலையைத் தாழ்த்தியும் நிமிர்த்தியும் இடைச்சுரங்களை எழுப்புகிறார்கள். நெடுந்தொலைவில் உள்ள இரண்டு நாட்டாரும் ஒரே உண்மையைக் கண்டிருக்கிறார்கள்: சுரம் துளையில் மட்டும் இல்லை, ஊதுகிறவனிடம் இருக்கிறது.

நிலவில் ஒரு களங்கம்

உண்மையை மறைத்து வரலாறு எழுதுவது முறையன்று. மாலி கச்சேரிக்கு நேரத்தில் வராத நாட்கள் உண்டு. வராமலே போன நாட்களும் உண்டு. பாதியில் எழுந்து சென்றதும் உண்டு. மதுப்பழக்கம் அவரை வாட்டியது. அவர் வாசித்தால் போதும் என்று ரசிகர்கள் மன்னித்தார்கள். ஆனால் சீட்டு வாங்கி, குடும்பத்தோடு வந்து, வெற்று மேடையைப் பார்த்துத் திரும்பியவர்களின் ஏமாற்றத்தையும், பக்கவாத்தியக்காரர்களின் இழப்பையும் மேதைமை ஈடுசெய்யுமா? செய்யாது என்பதே என் எண்ணம்.

பிற்காலத்தில் சில ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்து தாயகம் திரும்பிய அவர், 1986 மே 31 அன்று பெங்களூரில் காலமானார். அறுபது வயதுகூட நிறையவில்லை. எனினும் அவர் வழி அழியவில்லை. என். ரமணி, டி. எஸ். சங்கரன், பிரபஞ்சம் சீதாராம் முதலிய சீடர்கள் அதை வளர்த்தார்கள். ரமணி 1996-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். இன்று புல்லாங்குழல் கற்கும் மாணவர் பெரும்பாலோர் அறிந்தோ அறியாமலோ மாலியின் விரல் வழியிலேயே நடக்கிறார்கள்.

நாம் கற்க வேண்டியது

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இசைப் பரம்பரையும் எங்களுக்கு இல்லை. கோயில் திருவிழாவில் வாங்கிய குழலோடு சேலையூர் ஏரிக்கரையில் மூன்று மாதம் ஊதினேன், காற்றுதான் வந்தது. தலைக்கு மேல் பறந்த பயிற்சி விமானத்தின் ஓசையே என் வாசிப்பைவிட இனிமையாக இருந்தது என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். குழலைப் பரணில் போட்டுவிட எண்ணியபோதுதான் நூலகத்தில் மாலியின் வரலாற்றைப் படித்தேன். அதன்பின் பாட்டை விட்டுவிட்டு, நாள்தோறும் ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை நீட்டிப் பழகினேன். வாசிக்கப் போவதை முதலில் வாயால் பாடிப் பார்த்தேன். ஒரு மாதத்தில் சட்ஜமம் நடுங்காமல் நின்றது. பெரிய சாதனை அன்று; ஆனாலும் அன்று மாலை நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தேன்.

அவருக்கு மாமன் இருந்தார், இசை சூழ்ந்த ஊர் இருந்தது; நமக்கு அவை இல்லாமலிருக்கலாம். ஆனால் முடியாது என்று பெரியவர்களே முடிவு கட்டிய ஒன்றைத் தன் விரலால் சோதித்துப் பார்க்கும் துணிவு எவருக்கும் பொதுவானது. சோதனைக் கூடத்தில் நாம் கற்பதும் அதுவல்லவா? மாலியின் விரல்களிடம் தேடலைக் கற்போம். அவர் வராத மேடைகளிடம் காலந்தவறாமையைக் கற்போம். இரண்டும் சேர்ந்தால் நம் கையிலுள்ள மூங்கிலும் ஒரு நாள் பாடும்!

— பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு