சம்பளத்தைத் தொடாத பேராசிரியர்

ஒண்டுக் குடித்தன அறையின் ஜன்னலில் டப்பாவில் வைத்த துளசிச் செடியைக் கவனித்திருப்பீர்கள். நாலு நாள் போனால் அது வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். திருப்பி வைத்தால் மறுபடியும் வெளிச்சத்தையே தேடும். இதைக் கருவி வைத்து அளந்து காட்டியவர் நம் நாட்டவர். அவர்தான் ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ்.

1858 நவம்பர் 30-ம் தேதி, இன்று வங்கதேசமாக உள்ள கிழக்கு வங்காளத்தில் அவர் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. ஆனாலும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே வலப்பக்கம் தந்தையின் பணியாளருடைய மகன், இடப்பக்கம் ஒரு மீனவரின் மகன். அவர்கள் சொன்ன பறவை, மிருகக் கதைகளைக் கேட்டுத்தான் சிறுவனுக்கு இயற்கையின்மீது ஆசை பிறந்தது.

கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துத் திரும்பியவர், 1885-ல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். அக்காலத்தில் ஐரோப்பியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் வேலை தற்காலிகம் என்று சொல்லி அதிலும் பாதியே கொடுத்தார்கள். அவர் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. ஒரு நாள் தவறாமல் வகுப்பு எடுத்தார். சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார்.

மூன்று வருஷங்கள் இப்படியே போயின. தந்தைக்கோ கடன். இதற்கு நடுவில் 1887-ல் கல்யாணமும் நடந்தது. மணமகள் அபலா, நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த மூன்று வருஷத்தின் பாரம் தெரியும். முடிவில் அரசாங்கமே இறங்கி வந்தது. வேலையை நிரந்தரமாக்கி, முழுச் சம்பளத்தையும் முதல் நாளிலிருந்தே கணக்கிட்டுக் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்க உதவியது.

நல்ல ஆராய்ச்சிக் கூடம் அவருக்குக் கிடைக்கவில்லை. சிறிய அறையில், உள்ளூர்த் தகரக் கொல்லரைக் கொண்டு கருவிகள் செய்தார். 1895-ல் கம்பியில்லாமல் மின் அலையை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார். பிறகு அவர் மனம் செடிகள் பக்கம் திரும்பியது.

செடி வளர்வது கண்ணுக்குத் தெரியாது. அந்த வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்ட 'கிரெஸ்கோகிராப்' என்ற கருவியை அமைத்தார். நுண்ணிய நெம்புகோல்கள் வளர்ச்சியைப் பெரிதாக்கி, புகை படிந்த கண்ணாடியில் புள்ளி புள்ளியாக வரைந்தன. அதில் ஓர் அதிசயம் தெரிந்தது. வெளிச்சம் பட்டதும் தண்டின் வளர்ச்சி குறைந்தது! சிவப்பு, மஞ்சள் ஒளியால் அவ்வளவாக மாற்றமில்லை. நீல ஒளி வளர்ச்சியைத் தடுத்தது. கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிர் இன்னும் அதிகமாகத் தடுத்தது. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கம் வளர்ச்சி குறையும், மறுபக்கம் நீளும், செடி வளையும். துளசியின் ரகசியம் இதுதான். மறுபக்கம் நீள்வதற்கு 'ஆக்ஸின்' என்ற வளர்ச்சிப் பொருள் அங்கே சேர்வதே காரணம் என்று பின்வந்தவர்கள் கண்டனர்.

முதலில் லண்டன் ராயல் சங்கம் அவருடைய தாவர ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிடாமல் நிறுத்தி வைத்தது. அவர் சளைக்கவில்லை. 1920-ல் லண்டன் விஞ்ஞானிகள் கருவியை நேரில் சோதித்து ஒப்புக்கொண்டனர். அதே ஆண்டில் அந்தச் சங்கமே அவரை உறுப்பினராக்கியது. செடிக்கும் நரம்பு உண்டு என்ற அவர் கருத்தைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் செடிக்குள் மின் சைகைகள் ஓடுவது இன்று உறுதியாகியிருக்கிறது.

1917-ல் தம் பிறந்த நாளன்று அவர் தொடங்கிய போஸ் ஆராய்ச்சி நிலையம், சியால்தா ரயில் நிலையத்துக்கு வடக்கே இருக்கிறது. 1937 நவம்பர் 23-ம் தேதி அவர் காலமானார்.

சம்பளத்துக்காக மூன்று வருஷம், தாம் கண்ட உண்மைக்காக ஏறத்தாழ இருபது வருஷம் பொறுத்திருந்த மனிதர் அவர். ஜன்னலில் செடி சாயும்போது அவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.