இதயத்தின் கோடு வரைந்த ஐந்தோவன்



அரைப்பரீட்சை லீவுக்கு நானும் தாத்தாவும் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே தாத்தாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. டாக்டர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். உடம்பில் கரண்ட் விடுவாங்கன்னு பயந்து, தாத்தா மாட்டேன்னு எழுந்து வந்துட்டார். எனக்கும் பயம்தான். அன்று ராத்திரி அத்தை மகளின் புத்தகத்தில் இந்தக் கருவியை உருவாக்கியவரைப் பற்றிப் படித்தேன். அவர்தான் வில்லெம் ஐந்தோவன்.

அவர் 1860-ல் ஜாவா தீவில் செமராங் என்ற ஊரில் பிறந்தார். இப்போது அது இந்தோனேசியாவில் உள்ளது. அப்பா டாக்டர். ஐந்தோவன் சிறுவனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஹாலந்து நாட்டுக்கு வந்தார். ஐந்தோவனும் மருத்துவம் படித்து, லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

நம் இதயம் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது. தோலுக்கு வரும்போது அது சுமார் 1 மில்லிவோல்ட்தான். டார்ச் லைட் பேட்டரியோ 1.5 வோல்ட்! இவ்வளவு சின்ன மின்சாரத்தை அளக்க, வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் காந்தத்தின் நடுவே கட்டினார். மின்சாரம் வந்தால் இழை அசையும். அதன் நிழலைப் படம் பிடித்தார். அந்தக் கருவி சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேணும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீரில் வைத்திருக்கணும். 1905-ல் ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பை, டெலிபோன் கம்பி வழியாக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்த தன் ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்தார். கோட்டின் மேடு பள்ளங்களுக்கு அவர் வைத்த பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்களைத்தான் டாக்டர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1927-ல் காலமானார்.

காலையில் தாத்தாவிடம், அந்த மெஷின் கரண்ட் விடாது, நம்ம இதயத்தின் கரண்டைத்தான் படிக்கும்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தார். கை, கால், மார்பில் ஒயர்களை ஒட்டினாங்க. அஞ்சு நிமிஷத்தில் முடிஞ்சது. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பது கோட்டில் தெரிந்தது. இப்போ மாத்திரை சாப்பிட்டு நல்லா இருக்கார்.

துடிப்புக் கோளாறு, மாரடைப்பின் அடையாளம் இரண்டையும் ஈ.சி.ஜி. காட்டும். ஆனால் மாரடைப்பின் தொடக்கத்தில் சிலருக்குக் கோடு சரியாகவே இருக்கலாம் என்பதால், மறுபடியும் எடுப்பார்கள், ரத்தமும் சோதிப்பார்கள். வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் வாயுன்னு சும்மா இருக்காதீங்க. உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. ஈ.சி.ஜி.க்குப் பயப்படுகிற தாத்தா பாட்டி இருந்தால், ஐந்தோவன் கதையைச் சொல்லுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி